திறக்கச் சொல்ல ஆள் இருந்ததா?

கேள்வி: கொரோனா ஊரடங்கின்போது அமெரிக்காவில் உள்ளூர் நிர்வாகங்கள் தங்கள் ஆளுநர்களிடம், 'மாநிலம் முழுவதையும் ஒரே பூட்டில் பூட்டாதீர்கள், வட்டாரம் வட்டாரமாகக் கடைகளைத் திறந்துவிடுங்கள்' என்று கேட்டன. நம் வேலூர் மாநகராட்சியும் சுற்றியுள்ள நகராட்சிகளும் மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை? அடுத்து ஒரு தொற்று வந்தால் நாமும் அப்படிக் கேட்கலாமா? கேட்டால் கிடைக்குமா?
(வாசகர் ஒருவர், குடியாத்தம்)

பதில்: கேட்டிருக்கலாம். கேட்க ஆள் வேண்டுமே!

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 போட்டுக் கடைகளை மூடச் சொன்னார்கள். அன்றைக்கு வேலூரில் மேயர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது. உங்கள் குடியாத்தத்தில் நகர்மன்றத் தலைவர் கிடையாது. பக்கத்துக் கிராமத்தில் ஊராட்சித் தலைவர்கூடக் கிடையாது. பழைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்துபோயிருந்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மாவட்டப் பிரிவினையைக் காரணம் காட்டி ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கி வைத்தார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் அந்த ஒன்பதில் அடக்கம். நம் கிராமங்களுக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். மாநகராட்சிக்கும் நகராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரியில். முதல் அலை, இரண்டாம் அலை இரண்டும் வந்து ஆளை அள்ளிக்கொண்டு போன பிறகு. (2019 மக்களவைத் தேர்தலில் நாடே ஓட்டுப் போட்டு முடித்த பிறகும் வேலூர் மட்டும் ஆகஸ்ட் வரை காத்திருந்தது. நமக்கும் ஓட்டுப்பெட்டிக்கும் அப்படி ஒரு ராசி!)

சரி, மன்றம் இல்லாதபோது மன்றத்தின் வேலையை யார் பார்த்தார்கள்? தனி அலுவலர். மாநகராட்சி என்றால் கமிஷனரே தனி அலுவலர். கோரிக்கையை எழுதி வைப்பவரும் அவர், மன்றத்தின் பெயரால் அதற்குத் தீர்மானம் போடுபவரும் அவர், அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுபவரும் அவர். அரசு நியமித்த அதிகாரி அரசைப் பார்த்து, 'எங்கள் ஊரைத் திறந்துவிடுங்கள்' என்று கேட்பார் என்றா எதிர்பார்க்கிறீர்கள்?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஊரடங்கு எந்தச் சட்டத்தின் பேரில் வந்ததோ, அந்த 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர். கூடவே, உள்ளாட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி ஒருவர் இணைத் தலைவராக இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. கலெக்டருக்குப் பக்கத்து நாற்காலி. மாவட்டத்தின் தலையெழுத்தே அந்த மேஜையில் எழுதப்பட்ட மாதங்களில், வேலூரில் அந்த நாற்காலியில் உட்காரத் தகுதி உள்ளவர் ஒருவர்கூட இல்லை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் பொதுச் சுகாதாரத்தை நகராட்சிகளுக்குரிய 18 வேலைகளில் ஒன்றாக எழுதி வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

ஆகவே எல்லாம் மேலிருந்துதான் வந்தது. நம் கோட்டையிலிருந்து அல்ல, சென்னைக் கோட்டையிலிருந்து. மே 7ஆம் தேதி சென்னை நீங்கலாக டாஸ்மாக்கைத் திறந்தார்கள்; அடுத்த நாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது தனிக்கதை. கிராமத்து சலூனுக்கு மே 19, டவுன் சலூனுக்கு மே 24. எது முதலில், எது பிறகு என்ற வரிசையை யார் போட்டார்கள், எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று உங்களுக்கோ எனக்கோ யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் பார்க்க வேண்டிய விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தைப் பத்து வட்டாரங்களாகப் பிரித்து, ஏழு அளவுகோல்களை முன்கூட்டியே வெளியிட்டார்கள். மருத்துவமனைப் படுக்கைகளில் 30 சதவீதம் காலியாக இருக்க வேண்டும், ஒரு லட்சம் பேருக்கு, தொற்றுத் தொடர்பைத் தேடிப் போகிற ஊழியர்கள் 30 பேர் வேண்டும், இப்படி. தேறிய வட்டாரம் 2020 மே 15 முதல் படிப்படியாகத் திறந்துகொள்ளலாம். தேறாத ஊர்க்காரனுக்கும் தான் எதில் கோட்டை விட்டோம் என்று தெரியும்.

நமக்கும் வட்டாரப் பிரிவினை இல்லாமல் இல்லை. டெல்லி மாவட்டங்களுக்கு வண்ணம் பூசியது: சிவப்பில் கட்டுப்பாடு அதிகம், ஆரஞ்சில் நடுத்தரம், பச்சையில் குறைவு. ஏப்ரல் 30ஆம் தேதிப் பட்டியலில் வேலூரும் ராணிப்பேட்டையும் சிவப்பு, திருப்பத்தூர் ஆரஞ்சு, கிருஷ்ணகிரி பச்சை. தமிழ்நாட்டிலேயே ஒற்றைப் பச்சை அதுதான். மாநிலம் விரும்பினால் ஒரு மாவட்டத்தை இன்னும் கடுமையான நிறத்துக்கு ஏற்றலாம், இறக்க முடியாது. மாநிலத்துக்கே அவ்வளவுதான் சுதந்திரம் என்றால் குடியாத்தம் நகராட்சி எம்மாத்திரம்?

நிறத்தைவிடப் பெரிய கோளாறு கோட்டில் இருந்தது. திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டமானது 2019 நவம்பர் 28. வண்ணம் பூசும்போது அவை ஐந்து மாதக் கைக்குழந்தைகள். ஆனால் தோல் தொழிலுக்கு இந்தப் பிரிவினை தெரியுமா? பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டம். தோல் ஒரு ஊரில் பதப்படும், ஷூவின் மேல்பாகம் இன்னொரு ஊரில் தைக்கப்படும். காலையில் கம்பெனி வேனில் பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குத் தையலுக்குப் போகிற பெண் சிவப்பில் ஏறி ஆரஞ்சில் இறங்க வேண்டும், நடுவில் பாஸ் காட்ட வேண்டும். கம்பெனியைத் திறக்கலாம் என்று ஒரு மாவட்டம் சொல்லி என்ன பயன், மெஷினில் உட்காருகிறவள் அடுத்த மாவட்டத்தில் இருந்தால்? பீடி சுற்றுகிற பெண் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. ஆனாலும் இலையும் தூளும் வந்தால்தான் அவள் மடியில் முறம் ஏறும்.

ஜூன் 1ஆம் தேதி இன்னொரு பிரிவினை. மாநிலத்தை எட்டு மண்டலமாக்கி, மண்டலத்துக்குள் பாஸ் வேண்டாம், அறுபது சதவீத இருக்கையோடு பஸ் ஓடும் என்றார்கள். வேலூருக்கு வாய்த்தது தர்மபுரி, கிருஷ்ணகிரியோடு சேர்ந்த இரண்டாம் மண்டலம். திருவண்ணாமலை மாவட்டம் மூன்றாம் மண்டலம். நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற ஓசூருக்கு வேலூர்க்காரர் தாராளமாகப் போகலாம். பக்கத்து ஆரணிக்குப் போக பாஸ் கேட்டார்கள். நெல், அரிசி, பட்டு, கல்யாணம், காரியம் என்று நமக்கும் ஆரணிக்கும் இருக்கிற போக்குவரத்தை விசாரிக்க ஒரு பஸ் கண்டக்டரே போதும். அன்றைக்கு மாநிலத்துக்குள் ஓடத் தொடங்கிய சில ரயில்களில் ஒன்று கோவை–காட்பாடி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவைக்காரருக்கு ரயில், கண்ணமங்கலத்துக்காரருக்குக் கைவிரிப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அதிகாரத்தை உள்ளூரிடம் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்' என்று எழுதிவிடாதீர்கள். உள்ளூர் மூளையின் லட்சணத்தையும் அதே ஏப்ரலில் பார்த்தோம். சித்தூரிலிருந்து தொற்று வந்துவிடும் என்று மாவட்ட நிர்வாகம் ஆந்திர எல்லையில் சாலைக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர் எழுப்பியது. பொன்னை வழியில் ஒன்று, உங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் சைனகுண்டாவில் ஒன்று. தார் ரோட்டின் மேல், ஆம்புலன்ஸ்கூட நுழைய இடமில்லாமல். நாடே சிரித்தது, சித்தூர்க்காரர்கள் கொதித்தார்கள், ஓரிரு நாளில் இடித்தார்கள். 1911 வரை அந்தச் சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். அதிகாரி கட்டிய சுவர்தான். ஆனால் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்திருந்தால் கட்டவிடாமல் தடுத்திருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். கைதட்டி வரவேற்கவும் ஆள் இருந்திருக்கும்.

எனக்கு இதில் பெரிய சந்தேகம் மருத்துவமனையைப் பற்றித்தான். நியூயார்க்கின் படுக்கைக் கணக்கை வேலூருக்குப் போட்டுப் பாருங்கள். சி.எம்.சி. என்கிற கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிற ஊர். படுக்கைகளை மட்டும் எண்ணினால் தமிழ்நாட்டில் முதல் வரிசையில் திறந்திருக்கலாம். அவற்றில் படுத்திருப்பது யார் என்று பார்த்தால் கடைசி வரிசைக்குப் போக வேண்டியிருக்கும். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், ஆந்திரா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஊரடங்கு அறிவித்தபோது அவர்களில் பல பேர் காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜ்களில் மாட்டிக்கொண்டார்கள். சிகிச்சை முடிந்தும் ஊர் போக வழியில்லை, கையில் காசும் கரைகிறது. மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்ட பிறகுதான் ஊரைப் பார்த்தார்கள். அவர்கள் போனதும் என்ன ஆயிற்று? பெங்காலி எழுத்தில் போர்டு மாட்டிய மெஸ்களுக்குத் திறக்க அனுமதி வந்தபோது சாப்பிட ஆள் வரவில்லை. வேலூரின் பாதிக் கடைத்தெருவுக்குச் சாவி காட்பாடி ஜங்ஷனில் இருக்கிறது. மாநகராட்சி என்ன தீர்மானம் போட்டாலும் ஹவுராவிலிருந்து ரயில் வராமல் அந்த அடுப்பு எரியாது.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கேட்கலாம், தனியாகக் கேட்காதீர்கள். குடியாத்தம் மட்டும், வேலூர் மட்டும் என்று கேட்டால் அது வியாபாரிகள் சங்கத்து மனுவாகத்தான் இருக்கும். அதிலொன்றும் பாவமில்லை, அதற்கு நகராட்சி எதற்கு? பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி மன்றங்கள் மாவட்ட எல்லையை மறந்து உட்கார்ந்து, யார் எங்கிருந்து எங்கே வேலைக்குப் போகிறார்கள், எத்தனை வேன், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை என்று எழுதிச் சேர்ந்து கேட்டால் அது வேறு.

கிடைக்குமா என்கிறீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கேட்டது பதிவில் இருக்கும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த இணைத் தலைவர் நாற்காலியில் உட்காருகிறவர் வாய் திறந்தால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும்: கடையைத் திறக்கக் கேட்கிற தீர்மானத்திலேயே, எத்தனை பேருக்குத் தொற்று ஏறினால் மறுபடி மூடுவோம், அந்த மூடும் உத்தரவில் எந்தத் தலைவர் கையெழுத்துப் போடுவார் என்பதும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத தீர்மானம் வந்தால், கலெக்டர் இடத்தில் நான் இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்.