மட்டியும் அணிலும்: கேள்வி பதில்

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பு தந்த கடல் மட்டியையும், அந்தச் சுவரின் மேல் ஓடித் திரியும் அணிலையும் ஒப்பிட்டு நண்பர்கள் கேட்டவற்றுக்கு, விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் அன்பர்: இவ்விரண்டுக்கும் பொதுவாக ஏதேனும் உண்டா ஐயா?

இதயம் உண்டு. அணிலுக்கு நம்மைப் போலவே நான்கு அறைகள், மட்டிக்கு மூன்று. வகுப்பில் மட்டியைத் திறந்து காட்டும்போதெல்லாம் மாணவர்கள் திகைப்பது ஓர் இடத்தில்தான்: பெரும்பாலான மட்டி வகைகளில் குடலின் கடைப்பகுதி இதயத்தின் கீழறையைத் துளைத்துக்கொண்டு செல்கிறது. அணிலின் இரத்தம் குழாய்களுக்குள்ளேயே சுற்றிவர, மட்டியின் இரத்தமோ குழாயை விட்டு வெளியேறி உறுப்புகளை நனைத்துவிட்டுத் திரும்புகிறது.

தேவகோட்டை ஆசிரியை: மட்டியின் ஓடும் அணிலின் எலும்பும் ஒரே பொருள்தானே?

இரண்டிலும் கால்சியம் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. எலும்பில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதனுள்ளே உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் உண்டு. ஓடு கால்சியம் கார்பனேட். உடலைப் போர்த்தியிருக்கும் மென்தோல் அதைச் சுரந்து வெளியே படியவைக்கிறது. காளவாயில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் கிளிஞ்சல் கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. நீரூற்றி நீற்றிச் சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு இறுகுகிறது. ஆகவே, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போல் இழைத்த உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது, வேதியியல்படி, மறுபடியும் ஓடுதான். எலும்பைச் சுட்டு இந்தச் சுண்ணாம்பை எடுக்க முடியாது.

பள்ளத்தூர் மாணவி: தலையே இல்லாத மட்டி எப்படி உண்ணும்?

செவுள்களால், அம்மா. நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளில் வடிகட்டி வாய்க்குத் தள்ளுகிறது, பல் கிடையாது. அணிலின் முன்பற்களோ வாழ்நாள் முழுவதும் வளர்பவை; கொறித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. உங்கள் கொல்லைக் கொய்யாவுக்கு வரும் கேடு அதனால்தான்.

காரைக்குடி அன்பர்: எதற்கு ஆயுள் அதிகம்?

மட்டிக்கு, அதுவும் குளிர்கடல் வகைகளுக்கு. அணிலுக்குச் சில ஆண்டுகளே. 2006இல் ஐஸ்லாந்துக் கடலில் எடுத்த ஒரு மட்டியின் ஓட்டு வளையங்களை எண்ணியபோது அதன் வயது 507 எனத் தெரிந்தது. நம் ஊரின் பெரிய வீடுகளுக்குக் கடைக்கால் தோண்டிய காலத்திலேயே அது முந்நூறு வயதைத் தாண்டியிருந்தது.