முதல் நிரல்மொழி எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் கணினி அறிவியல் படித்தவன் அல்லன், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் நிரல் எழுதக் கற்க விரும்பி நண்பர்களைக் கேட்டால், ஒருவர் பைத்தான் என்கிறார், இன்னொருவர் ஜாவாதான் சோறு போடும் என்கிறார், மூன்றாமவர் சி தெரியாதவர் நிரலரே இல்லை என்கிறார். எதில் தொடங்குவது?

பதில்: மூவரும் தாங்கள் வந்த வழியையே உங்களுக்கும் காட்டியிருக்கிறார்கள். உங்கள் பணியை வைத்துப் பார்த்தால், பைத்தானில் தொடங்குங்கள் என்றே நான் சொல்வேன். ஆனால் அது எளிது என்று எல்லோரும் சொல்லும் காரணம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. புதிதாகக் கற்பவர் எழுதும் நிரல் முதல் முறையிலேயே சரியாக ஓடுவது அபூர்வம். அவருடைய நேரத்தில் பெரும்பகுதி பிழையைத் தேடுவதிலேயே கழியும். ஆகவே ஒரு மொழி சரியான நிரலை எத்தனை வரிகளில் எழுத விடுகிறது என்பதைக் காட்டிலும், தவறான நிரலைக் கொடுத்தால் அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே முதல் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்று தொகைகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கிவிட்டு, அதில் இல்லாத பத்தாவது தொகையைக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் அந்த இடத்திலேயே நின்று, தவறு எந்த வரியில் நேர்ந்தது என்பதையும், பட்டியலின் எல்லைக்கு வெளியே கைநீட்டியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடும். ஜாவாவும் அவ்வாறே நிறுத்தும். பெயரில் ஒத்திருந்தாலும் ஜாவாவிலிருந்து வேறான ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது, வரையறுக்கப்படாதது என்று பொருள்படும் ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு மேலே போய்க்கொண்டிருக்கும். அந்த மதிப்பை மற்றத் தொகைகளோடு கூட்டும்போது, 'எண் அல்ல' என்னும் விடை, தவறு நடந்த இடத்திலிருந்து பல வரிகள் தள்ளி எங்கோ தலைகாட்டும். சி மொழியிலோ என்ன நடக்கும் என்பதற்கு மொழியின் விதிகளே உறுதி தருவதில்லை: நிரல் முறிந்து நிற்கலாம், அல்லது நினைவகத்தில் அந்த இடத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணை எடுத்துத் தொகையென்று கொடுத்துவிடலாம். அந்த எண் நம்பத் தகுந்ததாகவும் அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பைத்தானும் எல்லாத் தவறுகளையும் பிடித்துவிடாது. விசைப்பலகையில் நாம் உள்ளிடும் எதையும் அது எழுத்துத் தொடராகவே வாங்கிக்கொள்ளும். 25, 30 என்று இரண்டு தொகைகளை உள்ளிட்டு, அவற்றை எண்ணாக மாற்றாமல் கூட்டினால் 55 வராது, 2530 வரும். தொடக்கத்தில் இதில் இடறாதவர்கள் குறைவு. ஆனால் எழுத்துத் தொடரோடு ஓர் எண்ணைக் கூட்டச் சொன்னால், இரண்டும் வெவ்வேறு வகை என்று கூறி மறுத்துவிடும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் மறுப்பதில்லை. இரண்டையும் ஒட்டிக் கொடுத்துவிடும்.

ஜாவா பல தவறுகளை நிரல் ஓடுவதற்கு முன்பே பிடிக்கும் கண்டிப்பான மொழிதான். இருந்தும் அதை முதல் மொழியாகச் சொல்லத் தயங்குகிறேன். ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டுவதற்கு, பொருள் புரியாத பல சொற்களை முன்னும் பின்னும் எழுதியாக வேண்டும் என்ற நிலை அதில் நெடுங்காலம் இருந்தது. அண்மைப் பதிப்புகளில் இது தளர்ந்திருந்தாலும், கையில் கிடைக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் பழைய முறையையே பின்பற்றுகின்றன.

நோக்கம் வேறானால் பதிலும் மாறும். இணையப் பக்கம் அமைப்பதே ஆசை என்றால், உலாவியில் நேரடியாக ஓடும் ஜாவாஸ்கிரிப்டைத் தவிர்க்க முடியாது. 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் அதன் முதல் வடிவத்தை எழுதி முடித்தார் என்பதை நினைத்தால், அதன் சில விநோதங்களை மன்னிக்கவும் தோன்றும். ஐபோன் செயலிக்கு ஸ்விஃப்ட், ஆண்ட்ராய்டு செயலிக்கு கோட்லின். உங்கள் துறையில் பைத்தானுக்கு அடுத்ததாகத் தரவுத்தளங்களை வினவும் எஸ்கியூஎல்லைக் கற்றுக்கொண்டால், வேறு எந்த மொழியையும்விட விரைவில் அது பயன் தரும்.

நூல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான், 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பழையவற்றோடு ஒத்துப்போகாத அளவுக்கு மாறியது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய நூல்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. எடுத்துக்காட்டுகளில் 'பிரிண்ட்' என்ற கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பழைய நூல், வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: சி மொழியில் தொடங்கினால்தான் அடித்தளம் உறுதியாகும் என்று ஆசிரியர் ஒருவர் கூறினார். அது உண்மையா?

பதில்: சி கற்றுத் தருவது வேறெங்கும் அவ்வளவு தெளிவாகக் கிடைக்காது என்பது உண்மை. டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளப் பணிக்காக உருவாக்கிய இந்த மொழி, நினைவகத்தையும் அதன் முகவரிகளையும் மறைக்காமல் நம் கையில் கொடுத்துவிடுகிறது. நாம் பயன்படுத்தும் பைத்தானின் முதன்மைச் செயலாக்கமே சி-யில் எழுதப்பட்டதுதான். ஒரு பட்டியல் ஏன் விரைவாக இயங்குகிறது, இன்னொன்று ஏன் தயங்குகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்விகள் மனத்தில் எழுந்த பிறகு சி-யிடம் போவதற்கும், எழுவதற்கு முன்பே போவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்), நிபந்தனை, மடக்கு (கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்வது) ஆகியவை இன்னும் பிடிபடாத நிலையில், நினைவக முகவரியைத் தாங்கும் சுட்டுக்குறியையும் நினைவக ஒதுக்கீட்டையும் சேர்த்துச் சுமப்பவர், நிரல் தவறானது தம் தருக்கத்தாலா மொழியின் நுட்பத்தாலா என்று அறிய முடியாமல் தவிப்பார். சி-யில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்றே விடை வரும், ஏனெனில் இரண்டும் முழு எண்கள். சராசரி காணும் நிரலில் இந்தப் பிழையைப் பல மணி நேரம் தேடியவர்கள் ஏராளம். கல்லூரிப் பாடத்திட்டம் சி-யில் தொடங்கினாலோ, கருவிகளுக்குள் பொருத்தப்படும் சிறு கணினிச் சில்லுகளான நுண்கட்டுப்படுத்திகளோடு வேலை செய்வதே உங்கள் விருப்பமாக இருந்தாலோ, தயங்காமல் அதிலேயே தொடங்குங்கள். மற்றவர்களுக்கு அது சிறந்த இரண்டாவது மொழி.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் அதுவே நிரல் எழுதித் தருகிறதே. இனி ஒரு மொழியைக் கற்பது வீண் அல்லவா?

பதில்: எழுதித் தந்தது சரிதானா என்று யார் பார்ப்பது? பைத்தானில் 2.5-ஐ முழுமையாக்கச் சொன்னால் 2 என்றும், 3.5-ஐச் சொன்னால் 4 என்றும் விடை வரும். சரிபாதியாக இருந்தால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் விதி. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும், ஏனெனில் அந்தப் பின்னங்களை இரும எண் முறையில் துல்லியமாக எழுத இயலாது. பணத்தைக் கையாளும் நிரலில் தசமப் பின்னங்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளவும், முழுமையாக்கும் விதியை நாமே தேர்ந்தெடுக்கவும் 'டெசிமல்' என்ற தனி வசதி மொழியோடு வருகிறது. செயலி எழுதிக் கொடுத்த நிரல் அந்த வசதியைப் பயன்படுத்தியிருக்கிறதா என்று பார்க்கவாவது மொழி தெரிந்திருக்க வேண்டும்.

கற்கும்போதும் செயலியின் உதவியைப் பெறலாம். பிழைச்செய்திக்குப் பொருள் கேளுங்கள். திருத்திய நிரலைக் கேட்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு எந்த மொழி பொருந்தும்?

பதில்: ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்த இதில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ணக் கட்டைகளாகப் பொருத்தலாம். பொருந்தாதவை ஒட்டவே ஒட்டாது என்பதால் எழுத்துப்பிழைக்கு இடமில்லை. இலவசமாகவும் கிடைக்கிறது. அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொடங்கிய மொழியை விட்டு அடுத்த மொழிக்கு எப்போது போகலாம்?

பதில்: செயற்கூறுகளை, அதாவது பெயரிட்டு வேண்டும்போதெல்லாம் அழைக்கக்கூடிய கட்டளைத் தொகுப்புகளை, எழுதும் பாடம் வந்தவுடன் பலருக்கு வேறு மொழி மேல் கண் போகிறது, அது மொழியின் குறை அன்று, பாடம் கடினமாகும் இடம், எந்த மொழிக்குப் போனாலும் அங்கே அது காத்திருக்கும். ஒரு கோப்பைத் திறந்து படித்து, அதில் உள்ளவற்றைக் கணக்கிட்டு, விடையை வேறொரு கோப்பில் எழுதும் நிரல் ஒன்றை, எதையும் பார்த்துப் படியெடுக்காமல் நீங்களே எழுதி, அதை உங்கள் அன்றாட வேலைக்குச் சில வாரங்கள் பயன்படுத்துங்கள். பயன்படுத்தும்போது எதிர்பாராத உள்ளீடுகள் வரும், நிரல் முறியும், திருத்துவீர்கள். அதன் பிறகு எந்த மொழிக்கு வேண்டுமானாலும் போகலாம்.