ஊழியம், குடும்பம், சமூக நீதி மூன்றையும் ஒரு போதகர் எப்படிச் சேர்த்துச் சுமப்பார்?

நான் ஒரு சின்ன சபையின் போதகர். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் சமையலறைதான் ஞாபகத்துக்கு வரும்.

1956 ஜனவரி கடைசி. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பேருந்துகளில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு நடக்கிறது. போதகர் கிங்குக்கு 27 வயது, கைக்குழந்தை வேறு. நள்ளிரவில் போனில் கொலை மிரட்டல். தூக்கம் போச்சு. காபி போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து, ‘என்னால் முடியவில்லை’ என்று வாய்விட்டே ஜெபித்தார். பயம் அங்கேதான் தணிந்தது என்று பின்னாளில் சொன்னார். பிரசங்கப் பீடத்தில் அல்ல, கவனியுங்கள்!

மூன்றே நாளில் வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டாவும் குழந்தையும், நல்லவேளை, காயமில்லை. கூட்டத்திலிருந்து ஓடிவந்த கிங், கோபத்தில் ஆயுதத்தோடு வாசலில் திரண்டிருந்த தன் ஆதரவாளர்களை அமைதியாக வீட்டுக்குப் போகச் சொன்னார்.

இரு வீட்டு அப்பாக்களும் ஊரைவிட்டு வரச்சொல்லி வந்து நின்றார்கள். கொரெட்டா மறுத்துவிட்டார். என்னைக் கேட்டால், அந்தப் போராட்டத்தில் பாதி பாரம் அவருடையது. புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. நாம் பிரசங்கங்களில் கிங்கைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு கொரெட்டாவைப் பற்றிப் பேசுவதே இல்லை.