பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. அதன் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் போட்டோக்களையும் டாக்குமென்ட்களையும் புது லேப்டாப்பில் எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் கோளாறு பவர் சப்ளையிலோ மதர்போர்டிலோ இருக்கலாம். டிஸ்க் நல்லபடியாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

டிஸ்கைக் கழற்றி அதன் கனெக்டரைப் பாருங்கள். இரண்டு வரிசையாகப் பின்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஇ என்ற பழைய வகை. பின்களே இல்லாமல் தட்டையாக, ஓரத்தில் 'ட' போல மடங்கிய இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் இருந்தால் சாட்டா. சாட்டா 2003 வாக்கில் வந்தது என்றாலும் அதற்கப்புறம் சில வருஷம் இரண்டுமே விற்றன. எனவே வாங்கிய வருஷத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். கனெக்டருக்கு ஏற்றபடி, டிஸ்கை லேப்டாப்பில் இணைக்கும் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும்.

வாங்கும்போது ஒரு விஷயம். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். சாதாரண யுஎஸ்பி போர்ட்டில் வருவது 5 வோல்ட்தான். தனியாகப் பவர் அடாப்டர் சேர்ந்து வரும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் கேபிளை வாங்கி மாட்டிவிட்டு, சுழலவில்லை, டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்குக்கு யுஎஸ்பி பவரே பெரும்பாலும் போதும்.

ஐடிஇ என்றால் கொஞ்சம் பொறுமை தேவை. 40 பின் இடத்தில், நடுவில் ஒரு பின் இருக்காது. கேபிளில் அதே இடத்தில் துளை அடைபட்டிருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்து நேராக அழுத்துங்கள், சாய்த்தால் பின் வளையும். பக்கத்தில் பின்கள் மேல் மாட்டியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடி (ஜம்பர்) 'மாஸ்டர்' என்ற நிலையில் இருக்கட்டும். நாலு பின் பவர் கனெக்டரின் இரண்டு மூலைகள் சீவப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் திருப்பிச் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்கின் போர்டு கருகிவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு பவரைப் போட்டு, காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீராக ஒரு சுழலும் சத்தம் வந்தால் சரி. 'டக்... டக்...' என்று ஒரே தாளத்தில் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். டிஸ்கைப் படிக்கும் ஹெட் பழுதாக இருக்கலாம். ஓட ஓட உள்ளே இருக்கும் தட்டு கீறும். எந்த சாஃப்ட்வேரும் அங்கே உதவாது. போட்டோக்கள் அவ்வளவு முக்கியமென்றால் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் போக வேண்டியதுதான். ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கும் வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம்தான் சேரும்.

விண்டோஸ் இரண்டு விதமாகக் குறுக்கே வரும். "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றால் கேன்சல். "ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா" என்றால் அதற்கும் இப்போது வேண்டாம். அந்த ரிப்பேர் டிஸ்கிலேயே எழுதும். நலிந்த டிஸ்கில் அது உள்ளதையும் கெடுக்கலாம். பழைய டிஸ்கில் எதையும் எழுதாமல் முதலில் காப்பி எடுத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். மேக்கிலோ லினக்ஸிலோ பயன்படுத்திய டிஸ்காக இருந்தாலும் விண்டோஸ் இப்படித்தான் ஃபார்மட் கேட்கும். அப்போது லினக்ஸ் லைவ் பென் டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) பூட் செய்து பார்க்கலாம்.

டிஸ்க் சுழல்கிறது, ஆனால் டிரைவ் தெரியவில்லையா? விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் டிரைவ் லெட்டர் கொடுங்கள்.

எக்ஸ்பி காலத்து டிஸ்கில் உங்கள் ஃபைல்கள் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டரில் இருக்கும், விஸ்டாவிலிருந்து 'யூசர்ஸ்'. திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் 'கன்டினியூ' அழுத்திக் காத்திருங்கள், பெரிய ஃபோல்டர் என்றால் நேரமாகும். பழைய லாகின் பாஸ்வேர்டு மறந்திருந்தாலும் பரவாயில்லை. டிஸ்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியைப் போட்டிருந்தால் சிக்கல். பாஸ்வேர்டோ 48 இலக்க ரெக்கவரி கீயோ இல்லாமல் திறக்காது.

மொத்த டிஸ்கையும் இழுக்காமல், திரும்பக் கிடைக்காத போட்டோக்களை முதலில் எடுங்கள். அவுட்லுக் மெயில்களின் பிஎஸ்டி ஃபைல் மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கலாம், அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். காப்பி அடிக்கடி தேங்கி நின்றால் முயற்சி செய்துகொண்டே இருக்காதீர்கள். லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' இதற்கென்றே இருக்கிறது: எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, மோசமான இடங்களுக்குக் கடைசியில் வரும். கிடைக்கும் இமேஜ் ஃபைலிலிருந்து (டிஸ்கின் நகல்) நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

பழைய தமிழ் டாக்குமென்ட்கள் திறந்ததும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் ஃபைல் கெட்டுவிட்டதாக நினைத்து அழித்துவிடாதீர்கள். யுனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற ஃபான்ட்களில் அடித்தவையாக இருக்கும். அந்த ஃபான்ட் பழைய டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்திலேயே கிடக்கும். டிஸ்கைக் கழற்றி வைப்பதற்கு முன் அதையும் காப்பி செய்துகொள்ளுங்கள். யுனிகோடுக்கு மாற்றும் கன்வர்ட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.