தீவிரப் பெண்ணியம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

தீவிரப் பெண்ணியம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மற்ற பெண்ணியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கொஞ்சம் கோபம் அதிகம், அவ்வளவுதானே?

கோபத்தில் இல்லை வித்தியாசம். படிப்பு, வேலை, சட்டம் எல்லாவற்றிலும் ஆணுக்குள்ள இடம் பெண்ணுக்கும் வேண்டும் என்பது தாராளவாதப் பெண்ணியம். வர்க்கச் சுரண்டல் ஒழிந்தால் பெண்ணடிமைத்தனமும் தன்னால் ஒழியும் என்று இடதுசாரித் தோழர்கள் பலர் சொல்லிவந்தார்கள். 1960களின் கடைசியில் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் திரண்ட பெண்கள் இரண்டுமே போதாது என்றார்கள், ஏனென்றால் புரட்சி பேசிய கூட்டங்களிலேயே தட்டச்சு செய்ததும் காபி போட்டதும் பெண்கள்தான். ஆணாதிக்கம் தனியாகவே ஓர் அதிகார அமைப்பு, அது படுக்கையறையிலும் பிரசவத்திலும் குழந்தை வளர்ப்பிலும் உடல்மீது நடக்கும் வன்முறையிலும்தான் வேர்பிடித்திருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

கேள்வி: வீட்டுக்குள் நடப்பது அவரவர் சொந்த விஷயம். அதில் அரசியல் எங்கே வந்தது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லணும். சொந்த விஷயம் என்று ஒதுக்கியது எப்படி எல்லோருடைய பிரச்சினையாகிறது என்பதற்கு, வீட்டுக்கு வெளியே, 1974-75இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். அலுவலகப் பணியிலிருந்த ஒரு பெண், பேராசிரியர் ஒருவரின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டார். வேலையிழந்தோருக்கான உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தால், சொந்தக் காரணத்துக்காக விலகியவர் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவருக்காகக் கூடிய பெண்கள் ஒவ்வொருவராகப் பேசப் பேச, ஏறக்குறைய எல்லோருக்குமே அப்படி ஒரு அனுபவம் இருந்தது தெரிந்தது. பாலியல் தொல்லை என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் வைத்துப் பொதுவெளியில் பேசத் தொடங்கியது அந்த வட்டத்தில்தான். சட்ட அறிஞர் கேதரின் மக்கினன் அதைப் பெண் என்பதாலேயே காட்டப்படும் பாகுபாடாக வாதிட்டார், 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஒருத்தியின் சொந்த விஷயம் என்று ஒதுக்கியது பதினோரு வருடத்தில் சட்டமானது.

கேள்வி: நான் மனைவிக்கு எல்லா உதவியும் செய்கிறேன். என்னையும் ஆணாதிக்கவாதி என்பீர்களா?

உங்களைத் திட்டுவதால் யாருக்கும் பயனில்லை. ஒன்றே ஒன்று கவனியுங்கள்: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாருடைய லீவு முதலில் போகிறது? தடுப்பூசித் தேதி, பள்ளிக் கட்டணம், உங்கள் அம்மாவின் மாத்திரை, இதெல்லாம் யார் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது? சொன்னதைச் செய்துகொடுத்துவிட்டு மறந்துபோகிற வசதி உங்களுக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை. நல்லவரான கணவருக்கும் கேட்காமலே கிடைத்துவிடும் வசதி அது.

கேள்வி: உள்ளாடையை எரித்தவர்கள்தானே இவர்கள்?

1968 செப்டம்பர் 7, அட்லாண்டிக் சிட்டியில் அழகிப் போட்டிக்கு எதிரான போராட்டம். பிரா, ஹை ஹீல்ஸ், ஒட்டு இமை எல்லாவற்றையும் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டார்கள். தீ வைக்கவில்லை என்றுதான் அதில் கலந்துகொண்டவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள்.

கேள்வி: இது வெள்ளைக்கார நடுத்தர வர்க்கப் பெண்களின் அரசியல் என்ற விமர்சனம்?

நியாயமான விமர்சனம். எல்லாப் பெண்களும் ஒரே வர்க்கம் என்று சொல்லும்போது, எஜமானியும் அவர் வீட்டைக் கூட்டித் துடைப்பவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். பாஸ்டனைச் சேர்ந்த கறுப்பினப் பெண்ணியக் குழுவான கோம்பஹீ ரிவர் கலெக்டிவ் 1977 அறிக்கையில் இதை வெளிப்படையாகவே எழுதியது: இனம், வர்க்கம், பாலினம் மூன்றும் சேர்ந்துதான் தங்களை ஒடுக்குகின்றன, இனவெறிக்கு எதிராகக் கறுப்பின ஆண்களோடு சேர்ந்தும் அவர்களுடைய ஆணாதிக்கத்தை எதிர்த்தும் போராடுவோம் என்று. ஆண்களிடமிருந்து முற்றிலும் விலகும் வழியை அவர்கள் ஏற்கவில்லை. நான் அவர்கள் பக்கம்.

கேள்வி: திருநங்கைகளை ஏன் எதிர்க்கிறீர்கள்?

நான் எதிர்க்கவில்லை. தீவிரப் பெண்ணியத்துக்குள் ஒரு பிரிவு எதிர்க்கிறது: பெண்ணாகப் பிறந்து வளர்ந்த உடல் அனுபவமே ஒடுக்குமுறையின் அடிப்படை, அதற்கான தனி இடங்கள் வேண்டும் என்பது அவர்கள் வாதம். மக்கினன் போன்றவர்கள் திருநங்கைகளைப் பெண்களாகவே ஏற்கிறார்கள். ஆண், பெண் என்ற வார்ப்பிலிருந்து விலகினால் அடி விழும் என்று நாம் இத்தனை காலம் சொல்லிவந்திருக்கிறோம், அந்த அடியை அதிகம் வாங்குகிறவர்களையே வாசலில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: நாங்கள் ஆறேழு தோழிகள் இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் சொன்ன நியூயார்க், பாஸ்டன் பெண்கள் குழுக்களாகக் கூடிப் பேசிய மாதிரியே செய்யலாம். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்கு, "வீட்டில் பணம் பற்றி முடிவெடுப்பது யார்?" வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் சொந்த அனுபவத்தை மட்டும் சொல்லணும். நடுவில் அறிவுரை கூடாது, "உன் வீட்டுக்காரர் அப்படி, எங்கள் வீட்டில் வேறு" என்ற சமாதானமும் வேண்டாம். எல்லோரும் பேசி முடித்த அப்புறம் எது திரும்பத் திரும்ப வந்தது என்று எழுதிப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கான கேள்வி அதிலிருந்தே கிடைக்கும்.