பூவையும் பறவையையும் பார்த்தால் மனசு ஏன் லேசாகிறது?

இதை உளவியலில் 'மென்மையான ஈர்ப்பு' என்பார்கள். அதாவது, நாம் முயலாமலே கண்ணும் காதும் ஒன்றில் போய் நிற்பது. அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் கேப்லனும் ஸ்டீபன் கேப்லனும் சொன்ன காரணம் எளிது: வேலையில் கவனத்தை வலிந்து பிடித்து வைக்கிறோம், அது களைத்துப்போகிறது. பூ நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் வாங்கிய கனமான பையைக் கை மாற்றினால் வலித்த கை தளருமே, அதுபோல.

என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு தூங்குமூஞ்சி மரம். மாலையானால் சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும், மைனாக்கள் கிளைக்குச் சண்டை போடும். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் நிற்பேன், போதும். (விடிவதற்கு முன்பே கத்தும் குயில் வேறு கதை. அதைத் திட்டத்தான் தோன்றும்.) இங்கே தேசியப் பூங்காக் கழகம் 2016இல் ஹார்ட்பார்க் பூங்காவில் இதற்கென்றே ஒரு சிகிச்சைத் தோட்டம் திறந்தது.

அப்புறம், பூவின் பெயரும் பறவையின் இனமும் தெரிந்தால்தான் ரசிக்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பெயரும் தெரிய வேண்டாம்.