எந்த வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்கு ஊற்றுவோம்?

கேள்வி: கணவரைப் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. எட்டு வயது மகன் என்னோடு இருக்கிறான். மாதம் இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை அப்பாவோடு இருக்க வேண்டும், கோடை விடுமுறையில் பத்து நாள் அனுப்ப வேண்டும் என்று குடும்பநல நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அவர் குடிப்பதில்லை, பையன்மேல் கை வைத்ததும் இல்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி வந்தாலே வயிறு வலிக்கிறது, போகமாட்டேன் என்று அழுகிறான். காங்கேயம் பக்கம் அவர்கள் தோட்டத்துக்குப் போய் வந்தால், என் அம்மா சொன்னபடி வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுகிறேன். அப்புறம் ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டான். நாலு மாதமாக ஜீவனாம்சமும் வரவில்லை. இதில் வைகாசியில் குலதெய்வக் கோயிலில் காது குத்த வேண்டும் என்று கேட்கிறார். பையனையே ஜட்ஜிடம் பேச வைத்து இந்தச் சந்திப்பை நிறுத்த முடியுமா?
– பெயர் வேண்டாம், பெருந்துறை

பதில்: அம்மணி, வயிற்றுவலியைப் பெரிதாக எழுதிவிட்டு, வாசல் தண்ணீரைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தத் தண்ணீரைத் தாண்டி நகர முடியவில்லை.

நம் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போய் வந்தால் வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே நுழைவோம்? எழவு வீட்டுக்கு. எட்டு வயதுப் பையனுக்கு இது தெரியாதா? தெருவில் நாலு எழவு பார்த்திருப்பான். அவன் அப்பன் உயிரோடு இருக்கிறான், அப்பாரும் அப்பத்தாவும் இருக்கிறார்கள். மாதம் இரண்டு முறை அவர்களைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்குத் தீட்டுக் கழிக்கிறீர்கள்.

தோட்டத்துப் புழுதி என்பீர்கள். பள்ளிக்கூடத்தில் மண்ணில் புரண்டுவிட்டு வந்தால் என்ன செய்கிறீர்கள்? கை கால் கழுவிட்டு வாடா என்பதோடு சரி. அப்படியானால் இது புழுதிக்கு ஊற்றுகிற தண்ணீர் இல்லை.

ஒரு மணி நேரம் ஏன் பேசாமல் இருக்கிறான் என்றா கேட்கிறீர்கள்? என்னத்தைப் பேசுவான்! கட்டுத்தரையில் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பான், அப்பத்தா கையால் ஏதாவது தின்றிருப்பான். நல்லா இருந்துச்சு என்று சொன்னால் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். போகமாட்டேன் என்று அழுதால் நீங்கள் அணைத்துக்கொள்வீர்கள் என்பதும் தெரியும். அந்த வயிற்றுவலி நடிப்பு என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே வலிக்கும். டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் முதலில் வாளியை எடுத்து உள்ளே வையுங்கள். அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்: அம்முச்சிக்கு மருமகன்மேல் இருக்கிற கோபத்தைப் பேரன் தலையில் ஊற்றக்கூடாது.

சரி, ஜட்ஜிடம் பேச வைப்பது பற்றி. 1890-ம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தில் 17-வது பிரிவு என்று ஒன்று உண்டு. யோசித்துச் சொல்கிற வயது பிள்ளைக்கு இருந்தால் அவன் விருப்பத்தைக் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நீதிபதி அவனைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம், கூட்டாளிகள், சாப்பாடு என்று பேச்சுக் கொடுப்பார். அப்பா வீட்டிலிருந்து வந்ததும் என்னப்பா செய்வே என்றும் கேட்பார். பிள்ளை உள்ளதைச் சொல்லிவிடும். அப்புறம் உங்கள் வக்கீல் என்ன வாதாடி என்ன?

2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் அப்பாவிடம் வளர்ந்த பெண் குழந்தையை அம்மாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். வளர்க்கிறவர் மற்றவர்மேல் பிள்ளைக்கு வெறுப்பை ஏற்றுகிற விஷயத்தை அந்தத் தீர்ப்பு விரிவாகவே பேசியது. அங்கே அப்பா, இங்கே நீங்கள். 1956-ம் வருடத்து இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டி மூன்று வருடம் ஆகிறது. பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்ற உத்தரவு எதுவும் கல்வெட்டு இல்லை, நிலைமை மாறினால் மாற்றலாம். மாற்றக் கேட்கிற வழி அவருக்கும் திறந்துதான் இருக்கிறது. நீங்களே மனுப் போட்டு அவருக்கு அந்த யோசனையைக் கொடுக்கப் போகிறீர்களா?

அவர் குடித்துவிட்டு வருகிறார், அடிக்கிறார் என்று எழுதியிருந்தால் இதே கை வேறு மாதிரி எழுதியிருக்கும். நாளைக்கே மனுப் போட்டு, இன்னொருவர் கண்காணிப்பில் மட்டும் சந்திக்கட்டும் என்று கேளுங்கள் என்றிருப்பேன். அப்படி எதுவும் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்.

ஜீவனாம்சத்தை மட்டும் விடாதீர்கள். பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பன் வேஷம் எதற்கு என்ற உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பணம் வரவில்லை என்று பிள்ளையைப் பிடித்துவைப்பது, அடகுக் கடைக்காரன் செய்கிற வேலை. பாக்கிக்குத் தனியாக வசூல் மனுப் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு உத்தரவாக இருந்தால், தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டால்தான் வாரண்ட் மூலம் வசூலிக்க முடியும், தள்ளிப்போடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

காது குத்து விஷயத்தில் நான் பழைய ஆள். புருஷன் பெண்டாட்டி பிரியலாம், பிள்ளையின் குலதெய்வம் மாறாது. அனுப்புங்கள். அது உத்தரவில் உள்ள ஞாயிறாக இல்லையென்றால், தேதியையும் நேரத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வக்கீல் மூலம் கோர்ட்டில் கொடுத்துவிடுங்கள், பின்னால் பேச்சு வராது. காது குத்தும்போது பையன் உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். உங்கள் கூடப் பிறந்தவர் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள். சீரோடு அவரும் போகட்டும், நீங்களும் கூடப் போங்கள்.